ஒரே பெருந்தமனி, இரண்டு ரிப்போர்ட்

இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனியில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒருவருக்கு எக்கோவிலும் (மார்பின் மேலிருந்து ஒலி அலை அனுப்பி இதயத்தைப் பார்க்கும் சோதனை) பார்த்து, எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தால், இரண்டு எண்களும் ஒத்துப்போவது அரிது. கொஞ்சம் வித்தியாசம் என்றால் யாரும் கவலைப்படப் போவதில்லை. கசிவு ‘மாடரேட்’, அதாவது நடுத்தரம் என்று ஒன்றும், அதற்கு மேலே என்று இன்னொன்றும் சொன்னால், அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வராது. ஆபரேஷன் உண்டா இல்லையா என்பதே அந்த வித்தியாசத்தில் தொங்குகிறது.

நான் மும்பையில் எக்கோ எடுக்கிற வேலையில் இருக்கிறேன். என் அறைக்கு வருகிற தமிழர்கள் தாராவி, சயான், ஆன்டாப் ஹில், செம்பூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். டெக்னீஷியன் தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்ததும், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் கேட்பார்கள். அப்படி தாராவியில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி இரண்டு கவர்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தாயி, ரெண்டுக்கும் துட்டு குடுத்துத்தான எடுத்தேன்? எக்கோல மாடரேட்டுங்கான். எம்.ஆர்.ஐ.ல அதுக்கு மேலங்கான். நான் எத நம்பட்டும்?”

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பெருந்தமனியின் வாசலில் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் கசிகிறது என்றால், அளவு விஷயத்தில் நான் எம்.ஆர்.ஐ.யை நம்புவேன். அது முழுக்கத் திறக்காமல் சுருங்கியிருக்கிறது என்றால் எக்கோவை நம்புவேன். ஏன் என்பதை விளக்குவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒன்றை மட்டும் நேராக அளக்கிறது. மிச்சத்தை அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறது. எது அளந்தது, எது கணக்கு என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அப்போதே போய்விடும்.

முதலில் அளவு பற்றி ஒரு தோராயமான நினைப்பு வேண்டும். ஆரோக்கியமான பெரியவருடைய இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். பெருந்தமனி தொடங்குகிற இடத்தில் அகலம் சுமார் 3 செ.மீ. அங்கே உச்ச வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும். துடிப்பின் முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஓட்டம் ஏறி இறங்கி முடிந்துவிடும். மிச்ச நேரம் வால்வு மூடியிருக்க வேண்டும். வேகம், கொள்ளளவு, அழுத்த வித்தியாசம் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் சங்கதிகள். ரிப்போர்ட்டில் இவை அடுத்தடுத்த வரியில் வருவதால் எல்லாம் ஒரே அளவிலிருந்து வந்தவை என்று தோன்றும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை எக்கோ நேராக அளப்பது வேகத்தை மட்டும்தான். டாப்ளர் 1842இல் சொன்ன தத்துவம் அது. நகர்ந்து வருகிற பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும், அந்த மாற்றத்திலிருந்து வேகம் தெரியும். 1950களில் ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா இதை இதயத்தின் மேல் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் எங்கள் அன்றாட வேலையாக இதை மாற்றியவர்கள் நார்வேக்காரர்கள். ட்ரோன்ட்ஹெய்மில் லிவ் ஹாட்லேயும் அவருடன் இருந்தவர்களும், வேகம் தெரிந்தால் அழுத்த வித்தியாசத்தையும் கணக்கிடலாம் என்று 1970களின் கடைசியில் நோயாளிகளிடம் காட்டினார்கள். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் போதும். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். அதற்கு முன்பெல்லாம் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள இதயத்துக்குள் குழாய் விட வேண்டியிருந்தது. வெளியிலிருந்தே, வலியில்லாமல், ஜெல் தடவி அதைச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அலை, ரத்தம் ஓடுகிற திசையிலேயே போக வேண்டும். கோணம் விலகினால் வேகம் குறைவாகத் தெரியும். 20 பாகை விலகினால் ஆறு சதவீதம்தான் குறையும், பரவாயில்லை. 30 பாகை விலகினால் 4 மீட்டர் என்பது மூன்றரைக்குக் கீழே போய்விடும். வர்க்கம் போடும்போது 64 இருந்த இடத்தில் 48 வந்து நிற்கும். 4 மீட்டர் என்பது சாதாரண எண் இல்லை. பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தை ‘சிவியர்’, அதாவது கடுமை என்று சொல்வதற்கான எல்லைக்கோடே அதுதான். கோணத்தில் கை கொஞ்சம் சோம்பியதால் ஒருவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடலாம்.

அதனால்தான் சுருக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒரு இடத்தில் மட்டும் புரோப்பை (மார்பில் வைத்து ஒலி அலை அனுப்பும் கைக்கருவி) வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. இதயத்தின் நுனிப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். கழுத்தெலும்புக் குழியிலிருந்து பார்க்க வேண்டும். நோயாளியை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி இடத்தில்தான் பல பேருக்கு அதிக வேகம் கிடைக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு. படம் காட்டாத, பேனா மாதிரி மெலிந்த பென்சில் புரோப் ஒன்று உண்டு. விலா எலும்புகளுக்கு நடுவே அது நன்றாக உட்காரும். திரையில் படம் இருக்காது, சத்தத்தையும் அலைவடிவத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும். ஜெட்டின், அதாவது வால்வு வழியாகப் பீய்ச்சிவரும் ரத்தத் தாரையின் நடுவுக்குப் போகப் போக சத்தம் கூர்மையாகிக்கொண்டே வரும். அந்த புரோப்பை அலமாரியில் தூங்க விடுகிற எக்கோ அறைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு நோயாளிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும் என்பதுதான் காரணம். வெளியே வரிசை நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவருடைய ஆபரேஷன் முடிவு இருக்கிறது.

பல இடத்திலிருந்து பார்த்துக் கிடைத்ததில் எது அதிகமோ அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கோணத்தால் வரும் பிழை குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு கசிந்தால் அதன் ஜெட்டும் கிட்டத்தட்ட அதே திசையில், இன்னும் அதிக வேகத்தோடு வரும். அதைச் சுருக்கத்தின் ஜெட் என்று நினைத்துவிட்டால் பெரிய எண் வந்துவிடும். மைட்ரல் கசிவு துடிப்பில் கொஞ்சம் முந்தித் தொடங்கி, பிந்தி முடியும். அலைவடிவத்தின் அகலத்தைப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

சரி, வேகம் கிடைத்தது. கொள்ளளவு எப்படி? இங்கேதான் எக்கோவின் பலவீனம். வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளந்து, அதை வட்டம் என்று வைத்துக்கொண்டு பரப்பைக் கணக்கிட்டு, ஒரு துடிப்பில் ரத்தம் கடந்த தூரத்தால் பெருக்குகிறோம். விட்டம் 2.0 செ.மீ., தூரம் 22 செ.மீ. என்றால் 69 மி.லி. வரும். அதே விட்டத்தை இன்னொருவர் 1.8 என்று அளந்தால் 56 மி.லி. வெறும் இரண்டு மில்லிமீட்டர், ஜெல் தடவிய மார்பு வழியாகத் தெரியும் மங்கலான இரண்டு கோடுகளுக்கு நடுவே. அதோடு அந்தப் பாதை வட்டமே இல்லை. சி.டி. ஸ்கேன் படங்களில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் பல பேருக்கு அது நீள்வட்டமாக இருக்கிறது. எக்கோ வழக்கமாக அளப்பது அதன் குட்டையான விட்டத்தை. எனவே கொள்ளளவும், அதை நம்பிக் கணக்கிடுகிற வால்வுப் பரப்பும் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

கசிவை அளப்பது இன்னும் சிரமம். ஜெட்டின் மெலிந்த கழுத்து எவ்வளவு அகலம், திரையில் கசிவைக் காட்டும் கலர் எவ்வளவு தூரம் பரவுகிறது, இறங்கு பெருந்தமனியில் ரத்தம் எவ்வளவு நேரம் பின்னோக்கி ஓடுகிறது என்று பல தடயங்களைச் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறோம். கழுத்துக்குழியிலிருந்து பார்க்கும்போது, இதயம் விரிந்து முடிகிற கடைசி நொடி வரை பின்னோட்டம் இருந்து, அதன் வேகமும் விநாடிக்கு 20 செ.மீ.க்கு மேல் இருந்தால், கசிவு கடுமையாக இருக்கும் என்று நான் உறுதியாகச் சந்தேகப்படுவேன். ஜெட் நேராக நடுவில் வந்தால் இந்தத் தடயங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழோடு பிறந்த வால்வுகளில் ஜெட் சாய்ந்து சுவரை ஒட்டி ஓடும். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி வால்வு இருக்கிறது. சாய்ந்த ஜெட் எக்கோவில் சின்னதாகத் தெரியும். அண்ணாச்சிக்கு இருந்தது இந்த வால்வுதான்.

எம்.ஆர்.ஐ. வேறு வழியில் போகிறது. காந்தப்புலத்தில் ஒரு சரிவை ஒரு திசையில் கொடுத்து, உடனே அதே அளவுக்கு எதிர்த்திசையில் கொடுப்பார்கள். அசையாமல் இருக்கிற திசுவுக்கு இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நகர்ந்துவிட்ட ரத்தத்துக்கு அழியாது, ஒரு கோணம் மிச்சம் இருக்கும். அந்தக் கோணம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பெருந்தமனியைக் குறுக்காக வெட்டிய ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஒரு வேகம் கிடைக்கிறது. புள்ளியின் பரப்பால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கணத்தில் ஓடிய ரத்தம். வட்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜெட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை, முன்னால் போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று நேராகவே எண்ணிவிடலாம். கான்ட்ராஸ்ட் ஊசியும் தேவையில்லை. 1980களிலேயே இது தொடங்கிவிட்டது, ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வழக்கமானது ரொம்பப் பிற்பாடு.

ஸ்கேன் எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டிய எண் ஒன்று இருக்கிறது, வென்க் என்பார்கள். எதிர்பார்க்கிற அதிகபட்ச வேகம் அது. அதைத் தாண்டி ஓடுகிற ரத்தம், பன்னிரண்டைத் தாண்டிய கடிகார முள் திரும்ப ஒன்றில் வந்து நிற்பதுபோல, எதிர்த்திசையில் ஓடுவதாகப் படத்தில் தெரியும். விநாடிக்கு 150 செ.மீ. என்று வைத்துவிட்டு, 3 மீட்டர் ஜெட் உள்ளவரை ஸ்கேன் செய்தால் கணக்கு முழுக்கத் தப்பு. பயந்துபோய் 500 என்று வைத்தாலோ மெதுவான பின்னோட்டம் இரைச்சலில் மூழ்கிவிடும். முதலில் எக்கோவில் உச்ச வேகம் என்னவென்று பார்த்து, அந்த எண்ணை எம்.ஆர்.ஐ. அறைக்குச் சொல்லியனுப்புவது நல்ல பழக்கம். இரண்டு கருவிகளும் போட்டிக்காரர்கள் என்ற நினைப்பு எனக்கு இல்லாமல் போனது இந்தப் பழக்கத்தால்தான்.

எம்.ஆர்.ஐ.க்கும் பலவீனம் உண்டு, அது மறைவாக இருக்கிறது. காந்தச் சரிவுகளை மாற்றி மாற்றிப் போடும்போது இயந்திரத்தின் உலோகப் பாகங்களில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அசையாத திசுவுக்கும் ஒரு சின்ன வேகம் இருப்பதாகக் காட்டும். விநாடிக்கு ஒரு செ.மீ. இருக்கலாம். நூற்றைம்பது செ.மீ. வேகத்தில் ஓடுகிற இடத்தில் ஒரு செ.மீ. பிழையா பெரிது என்று தோன்றும். உச்ச வேகத்துக்குப் பெரிதில்லை. கொள்ளளவுக்கு ரொம்பப் பெரிது, ஏனென்றால் அந்தப் பிழை தமனியின் முழுப் பரப்பிலும், துடிப்பு முழுவதும் சேர்ந்துகொண்டே போகும்.

அண்ணாச்சியின் எண்களை வைத்தே பார்க்கலாம். அவருடைய ஏறு பெருந்தமனி 4.5 செ.மீ.க்கு விரிந்திருந்தது, அதாவது பரப்பு கிட்டத்தட்ட 16 சதுர செ.மீ. ஒரு துடிப்பில் முன்னால் போனது 110 மி.லி., திரும்பியது 44 மி.லி. கசிவு 40 சதவீதம். நாடித்துடிப்பு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. பிழை பின்னோக்கிய பக்கம் இருந்தால், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சுமார் 11 மி.லி. பின்னோட்டத்தில் கூடும், திறந்திருக்கும் நேரத்தில் சுமார் 5 மி.லி. முன்னோட்டத்தில் குறையும். 40 என்றது 52 ஆகிவிடும். பிழை எதிர்ப்பக்கம் இருந்தால் 29 ஆகிவிடும். ஒரு எண் ‘சிவியர்’, மற்றொன்று ‘பார்த்துக்கொள்ளலாம்’. தமனி விரிய விரிய இந்த ஆபத்து கூடுகிறது. கசிவைத் துல்லியமாக அளக்க வேண்டிய ஆட்களுக்குத்தான் தமனியும் விரிந்திருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. நோயாளி இறங்கிய பிறகு, அதே இடத்தில் அசையாத ஜெல் நிரம்பிய ஒரு கலத்தை வைத்து அதே அமைப்புகளோடு இன்னொரு முறை ஸ்கேன் செய்து, அதில் வருகிற பொய் வேகத்தைக் கழிக்கலாம். அல்லது பக்கத்தில் உள்ள அசையாத திசுவை வைத்து மென்பொருளே திருத்தும். இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நுரையீரல் தமனியிலும் ஓட்டத்தை அளக்க வேண்டும். இதயச் சுவரில் ஓட்டை எதுவும் இல்லாதபோது, பெருந்தமனியில் நிகரமாகப் போன ரத்தமும் நுரையீரல் தமனியில் போன ரத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். அண்ணாச்சிக்கு 110லிருந்து 44 போனால் 66. நுரையீரல் தமனியிலும் கிட்டத்தட்ட அதே வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த 40 சதவீதத்தை நான் நம்பினேன். ரிப்போர்ட்டில் இந்த ஒப்பீடு எழுதியிருந்தால், அதை எடுத்தவர்கள் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் அந்த ‘மாடரேட்’ விஷயம். எக்கோவில் கடுமையான கசிவு என்பதற்கு எல்லை 50 சதவீதம். துடிப்புக்கு 60 மி.லி. திரும்பி வந்தாலும் கடுமை என்போம். எம்.ஆர்.ஐ.க்கு அதே எல்லையைத் தூக்கி வைக்க முடியாது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொந்தரவு எதுவும் இல்லாமல் இருந்த கசிவு நோயாளிகளை எம்.ஆர்.ஐ.யில் அளந்து சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 33 சதவீதத்துக்கு மேல் கசிவு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் வரை போனார்கள். அதற்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. ஆக எம்.ஆர்.ஐ.யில் 40 என்பதை எக்கோவின் 50 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து “இன்னும் பத்து பாக்கி இருக்கு” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது ஆபத்து. அண்ணாச்சியின் இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கும் உண்மையில் பெரிய சண்டை இல்லை. அளவுகோல்கள் வேறு, கோடுகளும் வேறு. இதை விளக்கிச் சொன்னபோது அவர், “அப்போ ரெண்டும் பொய் சொல்லலங்க” என்றார். ஆமாம் அண்ணாச்சி, எக்கோவில் ஜெட் சாய்ந்திருந்ததால் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

சுருக்கத்தில் கதை தலைகீழ். ஆன்டாப் ஹில்லிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ.யில் உச்ச வேகம் 3.2 மீட்டர். கணக்கில் 41 மி.மீ. பென்சில் புரோப்பை வலது ஓரத்தில் வைத்து நான் எடுத்தது 4.2, அதாவது 70க்கு மேல். மாடிப்படி ஏறினால் அவருக்கு நெஞ்சு அடைத்தது. இங்கே எக்கோதான் சரி. எம்.ஆர்.ஐ. பல துடிப்புகளைச் சேர்த்து ஒரு துடிப்பாக்குகிறது, ஒவ்வொரு புள்ளியும் மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டியின் சராசரி. நூல் மாதிரி மெலிந்த, ஒரு கணமே நீடிக்கிற உச்சம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். ஜெட் கலங்கி ஓடுகிற இடத்தில் ஒரே பெட்டிக்குள் பல வேகங்கள் கலந்து சிக்னலே கறுத்துப்போகும். எக்கோவின் தொடர் அலை டாப்ளர் விநாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் நடப்பதையும் பிடித்துவிடுகிறது. உச்சத்தைப் பிடிக்கிற வேலையில் அதை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை.

குழாய் விட்டு அளக்கும் பழைய வழியும் இருக்கிறது, அங்கேயும் ஒரு குழப்பம். கேத் லேபில் வழக்கமாகச் சொல்வது, இதயக் கீழறையின் உச்ச அழுத்தத்துக்கும் பெருந்தமனியின் உச்ச அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்த இரண்டு உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை. டாப்ளர் சொல்வதோ ஒரே கணத்தில் இருக்கிற அதிகபட்ச வித்தியாசம். ஆகவே எக்கோ எண் பெரிதாகத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் சராசரி வித்தியாசத்தை எடுத்து ஒப்பிடுங்கள். 40 மி.மீ. என்ற எல்லை சராசரிக்குத்தான்.

சி.டி. ஓட்டத்தை அளக்காது. வடிவத்தை அதைப் போலத் துல்லியமாக வேறு எதுவும் காட்டாது. தமனி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கும், ஆபரேஷனுக்கு முன் வால்வு வளையத்தை அளப்பதற்கும் அதுதான். இதயம் பலவீனமாகி ஓட்டமே குறைந்துவிட்டவர்களுக்கு, சுருக்கம் கடுமையாக இருந்தும் வேகம் 4 மீட்டரைத் தொடாது. அப்போது சி.டி.யில் வால்வில் படிந்த சுண்ணாம்பின் அளவைப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்ற மதிப்பைத் தாண்டினால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணுக்குள்ள கோட்டைப் பெண்ணுக்கு வைத்துப் பார்த்து விட்டுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இப்போது எல்லோரும் பேசுவது 4டி ஃப்ளோ எம்.ஆர்.ஐ. ஒரு வெட்டுப் படத்துக்குப் பதில் மார்பின் முழுக் கனத்திலும், மூன்று திசைகளிலும், நேரத்தோடு சேர்த்து வேகத்தை எடுப்பது. திரையில் ரத்தம் வண்ணக் கோடுகளாகச் சுழன்று ஏறுவதைப் பார்க்கலாம். இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களுக்கு அது திருகு மாதிரி சுழன்று ஒரு பக்கச் சுவரை இடிக்கிறது. பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள், நானும்தான். இதன் உண்மையான பயன் இன்னும் எளிமையானது. எந்த இடத்தில் வெட்டி அளப்பது என்று ஸ்கேன் முடிந்த பிறகும் முடிவு செய்யலாம், ஒரே தரவில் எல்லாக் குழாய்களையும் அளந்து ஒன்றோடொன்று சரிபார்க்கலாம். பத்து நிமிடம் போல ஆகும், மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சுவர் மேல் படும் உரசல் விசையின் வண்ணப் படத்தைக் காட்டி ஆபரேஷன் முடிவு செய்கிற நிலைக்கு நாம் வந்துவிடவில்லை. இரண்டு இதழ் வால்வுக்காரர்களின் தமனியை மாற்றுவதற்கான கோடு இன்றைக்கும் அகலம்தான். 5.5 செ.மீ., வேறு ஆபத்துக் காரணங்கள் இருந்தால் 5.0.

மூச்சைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். சாதாரண ஓட்ட ஸ்கேனுக்குப் பத்து, இருபது விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட பிறகு நிறுத்தினால்தான் ஓட்டம் இயல்பாக இருக்கும், தமனியும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கும். இங்கே அறிவிப்பு இந்தியில் வரும். ‘சாஸ் லோ, சாஸ் சோடோ, ரோகோ’. முப்பது வருடம் தாராவியில் இருந்தாலும் வீட்டையும் தெருவையும் தாண்டாத பாட்டிகளுக்கு அந்த இரைச்சலில் ‘லோ’ மட்டும்தான் கேட்கும். மூச்சை முழுக்க உள்ளே இழுத்துத் தம் கட்டிவிடுவார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறையும், ஓட்டமும் குறைவாக வரும். அதனால் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் போகும்போது முன்னாடியே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன்: “மூச்ச வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கம்மா, இழுக்காதீங்க.” படுக்கையில் என் கையை அவர்கள் வயிற்றின் மேல் வைத்து ஒத்திகை பார்த்துவிடுவோம்.

ரத்த அழுத்தமும் அதே மாதிரி. லோக்கல் ரயிலில் நெரிபட்டு வந்து, மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, வியர்க்க வியர்க்க வந்து படுக்கிறவருக்கு பி.பி. 170 இருக்கும். அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும். பத்து நாள் கழித்து எம்.ஆர்.ஐ. அறையில் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்கும்போது 120 இருக்கும். ஆளும் வால்வும் அதேதான், ஓட்டம்தான் வேறு. பி.பி. எழுதாத எக்கோ ரிப்போர்ட்டைப் பாதி ரிப்போர்ட் என்றுதான் நான் எண்ணுவேன். எழுதவில்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. துடிப்புக்குத் துடிப்பு ஓட்டம் மாறும். எக்கோவில் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் துடிப்புகள் ஒன்றோடொன்று குழம்பி எண்ணே ஆடிப்போகும்.

அண்ணாச்சிக்கு இப்போது உடனே ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீழறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, வேலை செய்யும் திறன் நன்றாக இருக்கிறது. பி.பி. மாத்திரை விடாமல் சாப்பிடணும், ஆறு மாதத்தில் எக்கோ, வருடத்தில் எம்.ஆர்.ஐ. அவருக்கு ஊரில் கோயில் கொடை, கல்யாணம் என்று நாகர்கோவில் ரயிலில் போய்வருகிற வேலை அதிகம். ஊரில் இருக்கும்போது தேதி வந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எக்கோவை அங்கே எடுங்கள், ஆனால் இங்கே எடுத்த வெளியேறு பாதை விட்டம், பி.பி., எந்த இடத்திலிருந்து பார்த்தோம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தருகிறேன், அதை அங்கே காட்டுங்கள் என்றேன். எம்.ஆர்.ஐ. மட்டும் இதே இயந்திரத்தில், இதே வெட்டில், இதே வென்க்கில் எடுக்க வேண்டும். 40 என்பது 45 ஆனால் அது வால்வால் வந்ததா இயந்திரத்தால் வந்ததா என்று அப்போதுதான் சொல்ல முடியும். சி.டி.யையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டு, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது என்றேன். “பீரோல வச்சிருக்கேன் தாயி” என்றார். இரண்டு வருடத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கோடுகளை ஒரே ஆள் வரைந்து பார்க்க அந்தத் தட்டு தேவைப்படும்.